சொந்தப் பாட்டை நம்பிப் பிழைக்க வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று. அதைப் பாடி, வாசித்துப் பதிவு செய்த மாஸ்டர், அதாவது அந்த மூல ஒலிப்பதிவு, இன்னொன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் கையெழுத்துப் போடுவதுதான் தனியிசைக் கலைஞர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு என்பேன்.

"வீடியோ செலவு எங்களுடையது, சேனலும் எங்களுடையது" என்று யாராவது வந்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். சரி, ஆனால் எந்த உரிமையைக் கேட்கிறார்கள், எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு என்று பாருங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, நாடு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டம். அதனால்தான் ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற வரி வந்து உட்காருகிறது. அதை மாற்றச் சொல்லிக் கேட்க வெட்கப்படாதீர்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, மெட்டமைத்தவரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. இது போராடிக் கிடைத்த உரிமை.

உரிமை இருந்தால் போதாது, பணத்தை வசூலிக்க ஆள் வேண்டும். மெட்டுக்கும் வரிக்கும் அந்த வேலையைச் செய்வது ஐபிஆர்எஸ் (IPRS) என்ற பதிப்புரிமைச் சங்கம். உறுப்பினரானதோடு நிறுத்தி விடுகிறார்கள் பலர். ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும். பெயரிலும் கவனம் தேவை: ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், மூன்றாவது இடத்தில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால், வர வேண்டிய பணம் உங்களைத் தேடி அலையும்.

நண்பர்களோடு சேர்ந்து பாட்டு செய்தால், பாட்டு முடிந்த அன்றைக்கே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதிவிடுங்கள். காசு வந்தபிறகு பேசினால் நட்பும் போகும். காகிதம் இல்லையா, வாட்ஸ்அப் குழுவிலாவது எழுதி எல்லோரிடமும் சம்மதம் வாங்குங்கள்.

சினிமாப் பாட்டுகளை கவர் பாடிக் கூட்டம் சேர்ப்பது தப்பில்லை. ஆனால் யூடியூபில் உரிமை கோரல் வந்தால் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் பெரும்பாலும் உரிமையாளருக்கே போகும். பார்வைகளைச் சம்பளமாக எண்ணிவிடாதீர்கள்.

ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்குக் காசு கிடையாது. அதற்காகக் காசு கொடுத்து போலி ஸ்ட்ரீம் வாங்கினால், அந்த எண்ணிக்கை கழிக்கப்படும், பாட்டே தூக்கப்படவும் கூடும்.

அப்புறம் கச்சேரி. இன்றும் பலருக்குச் சோறு போடுவது மேடைதான். "நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று கூப்பிடுபவர்கள் மைக்செட்காரருக்கும் பந்தல்காரருக்கும் காசு கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். முன்பணம் வராமல் ரயில் டிக்கெட் போடாதீர்கள். சவுண்டு, பயணம், தங்குமிடம் யார் செலவு என்பது மெசேஜில் இருக்கட்டும். உடன் வாசிப்பவர்களின் சம்பளத்தை முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அதன்பிறகு உங்கள் தொகையைச் சொல்லுங்கள்.