மலையில் பூனைக்குட்டியை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ விறகு அடுக்குக்குப் பின்னால் பூனைக்குட்டி கத்தினால், கேட்டவர் முதலில் அடுப்பில் பாலை வைப்பார். இரக்கத்தில் செய்வதுதான். ஆனால் இந்த உயரத்தில் பசி கொல்லும் முன் குளிர் கொன்றுவிடும். சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்குப் பால் ஊட்டினால் சாவு இன்னும் விரைவாக வரும். மலையில் நடக்கும் பல தவறுகள் இப்படித்தான்: செய்யும் காரியம் சரி, செய்யும் வரிசை தவறு.

தாய் திரும்புவதற்குள் தூக்கிவிடுவது

குட்டிகள் தனியாகக் கிடந்தால் அனாதை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரை தேடப் போன தாய் திரும்பச் சில மணி நேரம் ஆகலாம். இடம் மாற்றும்போது ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போவதால் கடைசிக் குட்டி வெகுநேரம் தனியே கிடக்கும். வயிறு நிறைந்து, உடம்பு கதகதப்பாக, ஒன்றன்மேல் ஒன்று கிடந்து தூங்கினால் தாய் இருக்கிறது. அழுக்கேறி, வயிறு ஒட்டி, விடாமல் கத்தினால்தான் கவலைப்பட வேண்டும்.

சந்தேகம் இருந்தால் குட்டிகளைச் சுற்றி அரிசி மாவை மெல்லிய வட்டமாகத் தூவிவிட்டு விலகிப் போங்கள். தாய் வந்து போனால் மாவில் கால்தடம் இருக்கும். கோலப்பொடி, சுண்ணாம்பு, எறும்புப் பொடி எதுவும் வேண்டாம். தாய் பாதத்தை நக்கும்போது உள்ளே போய்விடும். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் அது வராது, நாற்பது ஐம்பது அடி தள்ளிப் போக வேண்டும்.

நல்ல வெயிலில் மூன்று நான்கு மணி நேரம் காத்திருக்கலாம். டிசம்பர், ஜனவரி உறைபனியிலும் கொட்டும் மழையிலும் அந்தக் கணக்கு செல்லாது. அரை மணிக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பாதமும் காதும் சில்லென்று இருந்தால் எடுத்துவிடுங்கள். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் தேவையில்லை. தாய் வந்துவிட்டால் மழை படாமல் ஒரு மறைப்பு மட்டும் வைத்துவிட்டு, குட்டிகளை நான்கு ஐந்து வாரம் வரை அதனிடமே விடுங்கள். எந்தப் பவுடரும் தாய்ப்பாலுக்கு ஈடாகாது.

உடம்பு சூடேறும் முன் ஊட்டுவது

இதில்தான் அதிகக் குட்டிகள் போகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிறந்த முதல் வாரத்தில் குட்டியின் உடல் வெப்பம் 95 முதல் 97 டிகிரி ஃபாரன்ஹீட். அடுத்த இரண்டு வாரங்களில் 97 முதல் 100. இதற்குக் கீழே இறங்கினால் குடல் இயங்காது. உள்ளே போன பால் செரிக்காமல் தேங்கிப் புளிக்கும்; விழுங்கத் தெம்பில்லாததால் நுரையீரலுக்குள்ளும் போகும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் சுண்டுவிரல் நுனியைக் குட்டியின் வாயில் வையுங்கள். வாய்க்குள் சில்லென்று இருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது.

சூடேற்றுவதிலும் அவசரம் ஆகாது; ஒன்றரை, இரண்டு மணி நேரம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். அட்டைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும், இரண்டு சுற்று துண்டு சுற்றிய வெந்நீர் பையை வையுங்கள். சூடு கூடினால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபாதி வேண்டும். ஊட்டி இரவில் வெந்நீர் சீக்கிரம் ஆறிவிடும். ஆறிய பை குட்டியின் சூட்டையே உறிஞ்சும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து மாற்றுங்கள். முதல் வாரம் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். கரிக் கணப்பைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தவே கூடாது. கரிப்புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு அந்த அறையில் தூங்கும் மனிதரையும் சேர்த்தே கொல்லும்.

பசும்பால் வேண்டாம். அதிலுள்ள லாக்டோஸ் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். புரதமும் கொழுப்பும் பூனைப்பாலில் உள்ள அளவுக்கு அதில் இல்லை. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்பவுடரை வாங்க வேண்டும். மலையில் எல்லாக் கடையிலும் கிடைக்காது. கோயம்புத்தூரிலிருந்து வருவோரிடம் சொல்லி ஒரு டப்பா முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. அளவு இதுதான்: 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லி, ஒரு வேளைக்கு அதே 100 கிராமுக்கு 4 மில்லிக்கு மேல் போகக் கூடாது. முதல் வாரம் இரண்டு மணிக்கொரு தரம், இரண்டாம் வாரம் மூன்று மணிக்கொரு தரம், மூன்றாம் வாரம் நான்கு மணிக்கொரு தரம். 250 கிராம் குட்டி என்றால் நாளுக்கு 50 முதல் 60 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு சுமார் 7 மில்லி.

கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டாதீர்கள். பால் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா வரும். குப்புறப் படுத்தபடி, தாயிடம் குடிக்கும் நிலையில் தலையை மட்டும் லேசாக உயர்த்தி, சிரிஞ்சைச் சொட்டுச் சொட்டாக அழுத்துங்கள். மூக்கில் பால் நுரைத்தால் உடனே நிறுத்துங்கள். மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டி தானாகச் சிறுநீர் கழிக்காது. ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தைத் தடவிவிட வேண்டும். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாவிட்டாலே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். குட்டி சோர்ந்து விழும்வரை காத்திருந்தால் பிழைப்பது அரிது.

வயதைக் கணிக்கக் கண்ணும் பல்லும் போதும். கண் திறப்பது 7 முதல் 14 நாளில். முன்பல் எட்டிப் பார்ப்பது மூன்றாம் வாரம். எட்டு வாரத்தில் எடை 800 கிராமிலிருந்து ஒரு கிலோ.

வீட்டிலேயே இருக்கும் நஞ்சு

சளி பிடித்த குட்டியின் மார்பில் நீலகிரித் தைலம் தேய்ப்பது நம் ஊரில் தன்னிச்சையாக நடக்கிறது. உண்ணி போக அதையே முதுகில் தடவுபவர்களும் உண்டு. யூகலிப்டஸ் எண்ணெயைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. தோலில் பட்டதை நக்கி உள்ளே தள்ளும். தள்ளாட்டம், எச்சில் வழிதல், வலிப்பு வரை போகும். தயவுசெய்து தைலப் புட்டியைப் பூனைப் பக்கமே கொண்டு போகாதீர்கள். பாராசிட்டமால் அரை மாத்திரையே பெரிய பூனையைக் கொல்லும். நாய்க்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் அப்படியே. தரையைப் பினாயில், டெட்டால் போட்டுத் துடைக்கவும் வேண்டாம். சோப்பால் கழுவியபின் ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நன்றாக அலசிக் காயவிடுங்கள். பூனைகளின் பன்லூகோபீனியா வைரஸ் அதில் சாகும்.

தோட்டத்து லில்லியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் லில்லியின் மகரந்தம் ரோமத்தில் பட்டு நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும். குன்னூர், கோத்தகிரி வீடுகளுக்குக் குட்டி கொடுக்கும்போது இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தேயிலைக்குள் கிடப்பதெல்லாம் வீட்டுப்பூனைக் குட்டி என்று நினைப்பது

கொழுந்து பறிக்கும்போது செடிக்கடியில் குட்டிகள் கிடந்தால் முதலில் உற்றுப் பாருங்கள். சிறுத்தைப் பூனையும் காட்டுப்பூனையும் தேயிலைக்குள் குட்டி போடும். சிறுத்தைப் பூனைக் குட்டிக்கு உடம்பெங்கும் புள்ளி, காதின் பின்புறம் கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு, நெற்றியில் வெள்ளைக் கோடுகள். காட்டுப்பூனை வளர்ந்தால் வெறும் மணல் நிறம். குட்டியில் வரிகள் இருப்பதால் எளிதில் ஏமாந்துவிடுவோம். நீண்ட கால், குட்டை வால், காது நுனியில் சிறு ரோமக் குச்சம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வீட்டுக்கு எடுத்துப் போவது குற்றம். அந்த வரிசையில் பறிப்பை அன்றைக்கு நிறுத்திவிட்டு விலகினால் போதும், பெரும்பாலும் இரவில் தாய் வந்து தூக்கிப் போய்விடும். சந்தேகமா, வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

யார் கேட்டாலும் கொடுத்துவிடுவது

எட்டு வாரத்துக்கு முன் கொடுக்காதீர்கள். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடித்தான் எவ்வளவு கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று குட்டி கற்கிறது. மனிதரோடு பழகும் காலமும் குறுகியது: இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை. அதற்குள் தினமும் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். சீறும் குட்டியைப் பெரிய அறையில் விட்டால் கட்டிலுக்கடியிலேயே வளரும். சிறிய கூண்டிலோ குளியலறையிலோ வைத்து, மசித்த கோழிக்கறியைக் கரண்டியில் நீட்டி, பிறகு விரலில் நீட்டிப் பழக்குங்கள். மூன்று மாதம் தாண்டிய காட்டுத்தனமான குட்டியை வீட்டுக்குத் திணிப்பதைவிடக் கருத்தடை செய்து அதன் இடத்திலேயே விடுவது அதற்கு நல்லது.

சீசனில் ஏப்ரல், மே மாதம் காட்டேஜில் தங்கும் குடும்பம் குட்டியைப் பார்த்து ஆசைப்படும். அன்றைக்கே காரில் ஏற்றிவிடாதீர்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் வீட்டில் எல்லோரும் சம்மதித்து, ஜன்னலுக்கு வலை அடித்த படம் அனுப்பியபின் கொடுத்தால் ஆசை எது, அக்கறை எது என்று தெரிந்துவிடும். எலி பிடிக்க வேண்டும் என்று மட்டும் கேட்பவர், பூனைக்குச் சோறு போடத் தேவையில்லை என்று நினைக்கிறாரா என்று கேளுங்கள்.

கொடுக்கும் முன் குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் முடிந்திருக்கட்டும். முத்தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதம். ஆணா பெண்ணா என்று பார்ப்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். வாலைத் தூக்கினால் ஆணுக்கு இரண்டு புள்ளிகள் சற்று இடைவெளியில் தெரியும், பெண்ணுக்கு மேலே புள்ளியும் நெருக்கமாகக் கீழே சிறு கோடும். மூன்று நிறக் குட்டி ஏறக்குறைய எப்போதும் பெண்தான். "ஆண்தானே, அறுவை எதற்கு" என்று வாங்கிப்போன வீட்டில் அடுத்த வருடம் நான்கு குட்டி இருக்கும்.

சோறு போட்டுக் கருத்தடையை விடுவது

பூனையின் இனப்பெருக்கம் பகல் நீளத்தைப் பொறுத்தது. நம் மலை 11 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் பகல் பெரிதாகக் குறைவதில்லை. ஏறக்குறைய ஆண்டு முழுவதும் குட்டி போடும். நான்கு மாதத்திலேயே சினை பிடிக்கும், கர்ப்பம் ஒன்பது வாரம், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். மார்க்கெட்டில் பத்துப் பூனை இருந்தால் ஒன்றிரண்டை மட்டும் அறுவைக்குக் கொண்டுபோய்ப் பயனில்லை, குறைந்தது ஏழையாவது அடுத்தடுத்துப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் பிடித்து மலையடிவாரக் கல்லாறு பக்கம் விட்டுவிட்டால் தீரும் என்பவர்கள், உணவு இருக்கும் இடத்துக்குப் புதுப் பூனைகள் வந்து நிரப்புவதைச் சில மாதத்தில் பார்ப்பார்கள். பட்டினியில் வாட விட்டுவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

பிடிக்கும் முந்தைய நாள் சோறு நிறுத்துங்கள், தண்ணீர் இருக்கட்டும். பொறிக்கூண்டின் தரையில் செய்தித்தாள் விரித்து, மிதித்தால் கதவை மூடும் மிதிபலகைக்கு அப்பால் கடைசி மூலையில் மத்தி மீனோ நெத்திலிக் கருவாடோ வையுங்கள். கதவுப் பக்கம் வைத்தால் எட்டி எடுத்துக்கொண்டு போய்விடும். கதவு விழுந்தவுடன் கூண்டைப் போர்வையால் மூடினால் பூனை முட்டி மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளாது. கூண்டை இரவில் ஆளில்லாமல் விடவே கூடாது: சிறுத்தை நடமாட்டம் உள்ள ஊர், கம்பிக்குள் மாட்டிய பூனை தப்ப முடியாது. பால்காம்பு பருத்திருந்தால் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. அதைத் தேடிய பிறகே அறுவை, அன்றைக்கே திரும்ப விடும் ஏற்பாடும் வேண்டும்.

வெறுங்கையால் பிடிக்கப் போய்க் கடி வாங்கினால், சிறு கீறலாக இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பக் கூடாது. இந்த நோய்க்காகவே 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய குன்னூரிலும் இன்னும் மஞ்சள் அப்பிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தம்.

அறுவை முடிந்த பூனைக்கு மயக்கத்தில் உடல் சூடு வேகமாக இறங்கும். சிமென்ட் தரையில் கிடத்தாமல், வெந்நீர் பையோடு மூடிய அறையில் வையுங்கள். நன்றாக நிமிர்ந்து நடக்கும்வரை உணவு வேண்டாம். ஆணை ஒரு நாளும் பெண்ணை இரண்டு மூன்று நாளும் அறையில் வைத்திருந்து, பிறகு விடுங்கள். இடது காது நுனியை மயக்கத்திலேயே நேராக வெட்டிவிடச் சொல்லுங்கள், மறுபடி அதையே பிடிக்க வேண்டியிராது.

தங்குவதற்கு மீன் கடையில் தூக்கிப்போடும் தெர்மகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, 15 சென்டிமீட்டர் வட்ட வாசல் வெட்டி, உள்ளே வைக்கோல் திணித்து, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். பழைய கம்பளி போடுவதுதான் வழக்கமான தவறு: ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூனையைக் குளிரவைக்கும். உணவைப் பகலில் ஒரே நேரத்தில் வைத்து அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள்; மிச்சம் கிடந்தால் இரவில் கரடியும் காட்டுப்பன்றியும் வரும். சோலையை ஒட்டி உணவு வைக்கவே வேண்டாம். தரையோடு தரையாக இரை தேடும் பறவைகள் அங்கே இருக்கின்றன, பூனைகளின் நோய்கள் காட்டுப்பூனைகளுக்கும் தொற்றும். தட்டை வீட்டுப் பக்கமாக நாளுக்குச் சில அடி நகர்த்தினால் பூனைகளும் பின்னாலேயே நகர்ந்து வந்துவிடும்.