ரியோ டின்டோ: சிவப்பு ஆற்றைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பெயினின் தென்மேற்கில், உவெல்வா மாகாணத்தில் ஓடும் ரியோ டின்டோ சுமார் 100 கிலோமீட்டர் நீளம்தான். ரத்தச் சிவப்பில் ஒரு படம், கீழே 'சுரங்கக் கழிவால் செத்துப்போன ஆறு' என்று ஒரு வரி. இணையத்தில் பெரும்பாலும் இவ்வளவுதான் கிடைக்கிறது.

முதலில் அந்தச் 'செத்துப்போன'வை எடுத்துவிடுங்கள். தண்ணீர் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஹெச் அளவில் 2-க்குச் சற்று மேல் (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). மேல்பகுதியில் மீன் கிடையாது, வாஸ்தவம். ஆனால் அந்தச் சிவப்புக்கே உயிர்கள்தான் பெரிய காரணம். பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமம் இருக்கிறது. காற்றும் நீரும் பட்டால் அது மெல்லச் சிதையும். இரும்பை ஆக்சிஜனேற்றிப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சிதைவைப் பல மடங்கு வேகப்படுத்துகின்றன. கந்தக அமிலமும் சிவப்பு தரும் இரும்பும் அப்படித்தான் ஆற்றில் சேர்கின்றன. கற்களின் மேல் பச்சையாக வழுக்குவது யூக்ளினா போன்ற பாசி. கரையில் எரிக்கா அண்டேவலென்சிஸ் என்ற புதர்ச்செடி இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. அந்த வட்டாரத்துக்கே உரிய செடி அது.

அடுத்தது, பழி முழுவதையும் சுரங்கத்தின் மேல் போடுவது. அங்கே சுமார் 5,000 ஆண்டுகளாகத் தோண்டுகிறார்கள். 1873-இல் பிரிட்டிஷ் கம்பெனி வந்தபின் மலையையே குடைந்துவிட்டார்கள். ஆனால் மனிதர் தோண்டுவதற்கு வெகு காலம் முன்பே படிந்த இரும்புப் படிவுகள் கரைமேடுகளில் இருக்கின்றன. அதற்காக 'எல்லாம் இயற்கை' என்று மறுபக்கம் சாய்வதும் சரியில்லை. புதைந்து கிடந்த பைரைட்டை வெளியே கொட்டியதால் அமிலம் கூடியது. செம்பும் துத்தநாகமும் ஆற்றில் கலந்தன.

இந்த ஆறு செவ்வாய்க் கிரகம் மாதிரி என்று சொல்லும் கதையிலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அமில நீரில் உருவாகும் ஜரோசைட் கனிமம் இங்கே உண்டு. 2004-இல் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அதைச் செவ்வாயிலும் கண்டது. நாசா இங்கே ஆய்வுக்கு வந்தது இந்த மாதிரி ஒற்றுமைகளால்தான். செவ்வாய் உயிர் எதுவும் இங்கே சிக்கவில்லை.

மேல்பகுதியில் இருக்கும் நெர்வா ஊர்ப் பக்கம் நான்கு படம் எடுத்துவிட்டு ஆறு அவ்வளவுதான் என்று திரும்பவும் கூடாது. கீழே கடல்நீர் ஏறி வரும் இடத்தில் இரும்பு படிந்து நிறம் மறைகிறது. 1492-இல் கொலம்பஸ் புறப்பட்ட பாலோஸ் ஊர் அந்தக் கழிமுகத்தில்தான் இருக்கிறது. ஓடியேல் ஆற்றோடு சேரும் இடத்துச் சதுப்பில் பூநாரையும் கரண்டிவாயனும் மேய்கின்றன.

அப்புறம், நல்ல மழைக்குப் பின் போய் நிறம் வெளிறிக் கிடக்கிறதே என்று நொந்துகொள்ளாதீர்கள். கோடையில் நீர் வற்றும்போதுதான் சிவப்பு அடர்த்தியாகும். அப்போது ஓரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூத்திருக்கும் பொடியைக் குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அமில உப்பு.