வெள்ளையாக இருப்பதெல்லாம் நைலான் இல்லை

வாளையாறு எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், ஆக்ரிக் கடைகளில் (பழைய சாமான் கடைகளில்) பழைய பிளாஸ்டிக்கை வாங்கி, அந்தப் பக்கம் கோவையில் அரவைக்குக் கொடுக்கிற நம் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு, கண்ணால் பார்த்தே தரம் பிரிப்பது. வெள்ளையாக, வழவழவென்று இருந்தால் நைலான், போடு சாக்கில், அவ்வளவுதான். பழைய பிரின்டரைக் கழற்றினால் வரும் பல்சக்கரம் நைலானாகவும் இருக்கலாம், அசிட்டால் என்ற வேறொரு பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம் (கடையில் டெல்ரின் என்போம்). கையில் உருட்டினால் வித்தியாசமே தெரியாது. ஆனால் நைலான் 6 என்ற வகை உருக 220 டிகிரி வேண்டும், அசிட்டால் 175 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், நைலானுக்கு வைத்த சூட்டில் அது சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பும்.

அதோடு பிவிசியும் கலந்துவிட்டால் எனக்கு நிஜமாகவே பயம். பிவிசி சூட்டில் விடும் அமிலம் அசிட்டாலை இன்னும் வேகமாகச் சிதைக்கும், பிளாஸ்டிக்கை உருக்கும் மெஷின் குழாயான பேரலுக்குள் வாயு அடைத்து, உருகிய பிளாஸ்டிக் அதன் வாயான நாசில் வழியே பீச்சியடிக்கும். எதிரே நிற்பது நம் வீட்டுப் பையனாகவும் இருக்கலாம்.

சரி, எப்படிப் பிரிப்பது? ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராம் உப்பைக் கரைத்தால் அடர்த்தி கிட்டத்தட்ட 1.2 வரும். சாதா நைலான் (1.14) மிதக்கும், அசிட்டால் (1.41) மூழ்கும். இங்கேயும் சறுக்குகிறார்கள்: துண்டில் ஒட்டிய காற்றுக்குமிழியே அதை மிதக்க வைத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, துண்டை முக்கி எடுத்துப் பிறகு பாருங்கள். மூழ்கியதெல்லாம் அசிட்டால் என்றும் முடிவு கட்டாதீர்கள், 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கும். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் பிஏ66-ஜிஎஃப்30 (PA66-GF30) என்று அச்சு இருக்கலாம், பிஏ என்பது நைலான், ஜிஎஃப் என்பதுதான் கண்ணாடி இழை. மறுசுழற்சி முக்கோணத்துக்குள் 7 மட்டும் இருந்தால் அதை நம்பிப் பயனில்லை, நைலான், ஏபிஎஸ், பிசி (பாலிகார்பனேட்) என்று பல வகை பிளாஸ்டிக்குக்கும் அதே எண்தான்.

எரித்துப் பார்ப்பதென்றால் திறந்த இடத்தில், நிழலில், மெல்லிய சீவலாக. நைலானில் முடி கருகும் வாடை வரும். அசிட்டால் வெளிறிய நீலமாக எரியும், வெயிலில் தீ கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று தொட்டு விரலைச் சுட்டுக்கொள்வார்கள். புகையை மூக்கருகே கொண்டுபோகவே வேண்டாம்.

அப்புறம், பழைய டிவியின் கறுப்பு முதுகு மூடி. அதில் தீத்தடுப்புக்கு புரோமின் சேர்த்திருக்கலாம், அதைச் சாதா ஏபிஎஸ் சாக்கில் கொட்டாமல் தனியாக வையுங்கள், பொம்மைக்கோ சமையலறைச் சாமானுக்கோ அதிலிருந்து வரும் தானா (பிளாஸ்டிக் குருணை) போகவே கூடாது.