தீபாவளில இருந்து காணும் பொங்கல் வரைக்கும்: குறைச்ச எடைய திரும்ப ஏத்திக்காம இருக்குறது எப்படி?

ரெண்டு வருஷம் முன்னாடி ஆடில ஆரம்பிச்சு தீபாவளிக்குள்ள 5 கிலோ குறைச்சிருந்தேன், பொங்கல் முடியுறதுக்குள்ள அதுல 3 கிலோ திரும்ப வந்துருச்சு. தீபாவளி அன்னிக்கு வயிறு முட்ட சாப்ட்டதுதான் காரணம்னு ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன், அப்புறம் எடை எழுதி வச்ச நோட்ட எடுத்து தேதி வாரியா பாத்தப்பதான் விஷயமே வேறன்னு தெரிஞ்சுது. பண்டிகை அன்னிக்கு ஏறுனது ரெண்டு மூணு நாள்ல இறங்கிருச்சு, இறங்காம நின்னது எல்லாம் அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு வாரமா ஷெல்ஃப்ல இருந்த முறுக்கு தூக்குவாளியும் லட்டு டப்பாவும் பண்ண வேலை. அதனால முதல் தடவ டயட் ஆரம்பிச்சிருக்கவங்களுக்காக, நான் இப்ப செய்யுறத வரிசையா எழுதுறேன்.

ஸ்டெப் 1: காலண்டர எடுங்க

தினசரி காலண்டர் போதும். 2025 தீபாவளி அக்டோபர் 20, அடுத்து வந்த காணும் பொங்கல் 2026 ஜனவரி 17, எண்ணிப் பாத்தா மொத்தம் 90 நாள். இதுல நிஜமான விருந்து நாள் எத்தன? தீபாவளி, கார்த்திகை தீபம், கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் மூணு நாள், ஐப்பசி கார்த்திகைல ஒரு மூணு நாலு கல்யாணம், எல்லாம் சேத்தாலும் 11தான் வருது. மீதி 79 நாள் சாதாரண நாள். வருஷா வருஷம் தேதி மாறும், கணக்கு பெருசா மாறாது. விருந்து நாள சிவப்புல வட்டம் போட்டுருங்க, வட்டம் இல்லாத நாள்ல வழக்கமான சாப்பாடுதான்.

ஸ்டெப் 2: டார்கெட்ட மாத்துங்க

இந்த மூணு மாசம் குறைக்கணும்னு நெனைக்காதீங்க, ஏறாம நின்னா போதும். புதுசா ஆரம்பிக்கிறவங்க இத கேட்டா மனசு ஒத்துக்காது, எனக்கும் ஒத்துக்கல. ஆனா வாரம் அரை கிலோ குறைக்கணும்னு பிடிவாதமா இருந்தா முதல் அதிரசத்துலயே பிளான் உடைஞ்சிரும், உடைஞ்சதும் "சரி பொங்கல் கழிச்சு பாத்துக்கலாம்"னு விட்டுருவோம், அந்த "கழிச்சு"ங்குற ஒரு வார்த்தைதான் 3 கிலோ.

எடை பாக்குறதும் இதோட சேத்தி. வாரத்துக்கு ஒரு நாள், காலைல பாத்ரூம் போய்ட்டு வந்து, வெறும் வயித்துல. விருந்துக்கு மறுநாள் மட்டும் மெஷின் பக்கமே போகாதீங்க. உப்பும் மாவுச்சத்தும் அதிகமா சாப்ட்டா உடம்பு தண்ணிய பிடிச்சு வச்சுக்கும், 1 கிராம் மாவுச்சத்து உடம்புல சேருறப்ப கூடவே சுமார் 3 கிராம் தண்ணியும் சேரும், அதனால ஒரே நாள்ல 1, 2 கிலோ கூட காட்டுறது சகஜம். அது கொழுப்பு இல்ல. 1 கிலோ கொழுப்பு ஏறணும்னா தேவைக்கு மேல சுமார் 7,700 கலோரி சாப்ட்டிருக்கணும், ஒரு நாள்ல யாராலயும் அவ்ளோ முடியாது.

ஸ்டெப் 3: அடுப்புல எண்ணெய் வைக்கிறதுக்கு முன்னாடியே அளவ முடிவு பண்ணுங்க

எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். சாப்பிடுற இடத்துல கட்டுப்பாடு கஷ்டம், மளிகை லிஸ்ட் எழுதுற இடத்துல சுலபம்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. காலைல காபியோட மீடியம் சைஸ் முறுக்கு ரெண்டு, அது சுமார் 200 கலோரி. சாயந்தரம் ஒரு கைப்பிடி மிக்சர் 150, போற வாக்குல ஒரு லட்டு, அது ஒரு 170. மொத்தம் 500 கலோரி கிட்ட, இத ஒரு சாப்பாடாவே நாம எண்ணுறதில்ல, மதியம் வழக்கம் போல சாதமும் ராத்திரி வழக்கம் போல தோசையும் உள்ள போகுது. இப்படி 14 நாள் போனா 7,000. கிட்டத்தட்ட ஒரு கிலோ!

அதனால எங்க வீட்ல இப்ப ரெண்டு இனிப்பு, ரெண்டு காரம், அவ்ளோதான். மைசூர்பாக்குன்னா கால் கிலோ கடலை மாவுல (சக்கரையும் நெய்யும் அதுக்கு மேல ரெண்டு மடங்கு போகுது, அத மறக்காதீங்க). அத்தை முதல் வருஷம் "பண்டிகை வீடா இது"ன்னு வருத்தப்பட்டாங்க, நான் எதிர்த்துப் பேசல, யார் யாருக்கு குடுக்கணும்னு அவங்களையே லிஸ்ட் போட சொன்னேன், லிஸ்டுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ செஞ்சோம். குடுக்குறதுல குறை இல்ல, மிச்சம் ஆகுறதுதான் குறைஞ்சுது.

வெல்லத்துல செஞ்சா பரவாயில்லன்னு நிறைய பேர் சொல்றாங்க. எடை விஷயத்துல அது உதவாது, 100 கிராம் சக்கரை சுமார் 400 கலோரின்னா வெல்லம் 380. கார்த்திகை பொரி உருண்டைய ஆசைக்கு சாப்பிடுங்க, வெல்லம்தானேன்னு அஞ்சு சாப்பிடாதீங்க.

ஸ்டெப் 4: விருந்து அன்னிக்கு

பட்டினி கிடந்துட்டு மதியம் உக்காராதீங்க, அந்தப் பசில இலைல என்ன விழுதுன்னே தெரியாது. தீபாவளி காலைல கறிக்குழம்பு வைக்கிற வீடுன்னா இட்லி மூணு, மேல மிதக்குற எண்ணெய ஒதுக்கிட்டு கறித் துண்டு கூட வச்சுக்கோங்க, மதியம் வரைக்கும் வயிறு நிக்கும். சைவ வீடுன்னா அந்த இடத்துல கெட்டி சாம்பாரோ சுண்டலோ. பந்தில உக்காந்தா பொரியல் கூட்டு ரெண்டாவது தடவ கேளுங்க, சாதம் சாம்பாருக்கு ஒரு தடவ, மோருக்கு ஒரு கரண்டி. இனிப்புல எது ரொம்ப பிடிக்குமோ அத மட்டும் எடுத்து உக்காந்து நிதானமா சாப்பிடுங்க, பிடிக்காத ஜாங்கிரிய மரியாதைக்காக முழுங்க வேணாம்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவங்க ஈடுகட்டுறேன்னு ஒரு வேளை சாப்பாட விடவே கூடாது, சுகர் திடீர்னு இறங்கிரும், டாக்டர்கிட்ட முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

ஸ்டெப் 5: சொந்தக்காரங்க வீட்ல

"டயட்ல இருக்கேன்"னு சொல்லவே சொல்லாதீங்க. சொன்ன உடனே "உனக்கென்னடி, காத்தடிச்சா பறந்துருவ"ன்னு ஒரு பக்கம், "எங்க காலத்துல"ன்னு ஒரு பக்கம், பேச்சு எங்கயோ போய் கடைசில தட்டுல நாலு சோமாசி இருக்கும். "வேணாம்"னும் சொல்லாதீங்க, காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு சுட்டவங்களுக்கு அந்த வார்த்தை வலிக்கும். ஒண்ணு எடுத்து ரசிச்சு சாப்ட்டுட்டு "போதும் பெரியம்மா, இந்த அதிரசம் உங்க கைல மட்டும்தான் இப்படி மெத்துனு வருது, இன்னொன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்"னு சொல்லிப் பாருங்க. வேணாமுக்கு வர்ற கோவம் போதுமுக்கு வராது. கட்டிக் குடுத்தத வழிலயே பிரிக்காம வீட்ல எல்லாருக்கும் பங்கு போட்டுருங்க.

ஸ்டெப் 6: தூக்குவாளிய காலி பண்ணுங்க

பண்டிகை முடிஞ்ச மூணாம் நாள் மிச்சம் எல்லாத்தையும் டேபிள்ல எடுத்து வைங்க. வீட்ல தலைக்கு ரெண்டு நாளுக்கு வேணுங்குறத ஒரு சின்ன டப்பால போட்டுட்டு மீதிய ஆபீஸ், வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, பசங்க ட்யூஷன்னு அன்னிக்கே அனுப்பிருங்க. கெட்டுப்போற வரைக்கும் வச்சிருந்து குடுக்காதீங்க, நல்லா இருக்கப்பவே குடுங்க. அந்த சின்ன டப்பாவும் கண்ணாடி டப்பாவா இருக்க வேணாம், மேல் ஷெல்ஃப்ல இருக்கட்டும். எடுக்குறப்ப தட்டுல வச்சு உக்காந்து சாப்பிடணும், நின்னுகிட்டே டப்பாக்குள்ள கை விடக்கூடாது. இந்த ஒரு பழக்கம் எனக்கு நடைப்பயிற்சிய விட அதிகமா உதவியிருக்கு.

நடையும் வேணும்தான், ஆனா அரை மணி நேரம் நடந்தா 100ல இருந்து 150 கலோரிதான் போகும், ஒரு லட்டுக்கே பத்தாது. சாப்ட்டு முடிச்சு 15 நிமிஷம் நடந்தா ரத்தத்துல சுகர் ஏறுறது குறையும், அதுக்காக நடங்க. ஐப்பசி கார்த்திகை மழைல வெளிய போக முடியாது, வீட்டுக்குள்ள ஹால்ல இருந்து கிச்சனுக்கு போன் பேசிக்கிட்டே நடங்க.

மார்கழி நமக்கு கிடைச்ச நல்ல மாசம். கல்யாணம் கிடையாது, விடியக்காலைல கோலம் போட எந்திரிக்கிறோம், வெயிலும் இல்ல, அந்த நேரத்துலயே கோயில் வரைக்கும் நடந்துட்டு வந்துரலாம். பிரசாதம் ஒரு தொன்னை வெண்பொங்கல் வாங்கிட்டா அதையே காலை டிபனா கணக்கு வச்சுக்கோங்க, வீட்டுக்கு வந்து மறுபடி இட்லி வேணாம். கூடாரவல்லி அன்னிக்கு அக்காரவடிசலுக்கும் ஒரு சிவப்பு வட்டம் போட்டுருங்க, அத விட சொல்ல எனக்கு மனசு வரல.

காணும் பொங்கல் முடிஞ்சு மூணு நாள் விட்டு எடை பாருங்க. தீபாவளிக்கு முன்னாடி எழுதுனதுல இருந்து ஒரு கிலோக்குள்ள இருந்தா அடுத்த நாள்லயே பழைய டயட்ட ஆரம்பிச்சிரலாம்.