ரோபோ போட்டியில் மைக் பிடிப்பவர் செய்யும் தவறுகள்

மாணவர் ரோபோ போட்டிக்கு நடுவர்கூடக் கிடைத்துவிடுவார், அறிவிப்பாளர்தான் கடைசிவரை கிடைக்கமாட்டார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏற்பாட்டுக் குழுவிலிருந்து யாராவது அழைத்து, "நீங்க நல்லா பேசுவீங்களே, மைக்கை நீங்களே புடிச்சிடுங்க" என்பார்கள். கல்யாணத்திலும் கோயில் திருவிழாவிலும் பேசிய தைரியத்தில் நாமும் தலையாட்டுவோம். மலேசியாவின் பினாங்கில் நான் உள்ளே வந்ததும் இந்த வழியாகத்தான்.

அந்தத் தைரியம்தான் முதலில் காலை வாரும். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் நாம் பேசுவதைக் கவனிப்பதே இல்லை. இங்கே பத்தடி தூரத்தில் மேசையருகே நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறார்கள். மாதக் கணக்கில் பாடுபட்டுச் செய்த ரோபோவைப் பற்றி நாம் தப்பாக ஒன்று சொன்னால், அது தப்பு என்று அந்த மண்டபத்தில் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

என்ன போட்டி என்றே தெரியாமல் போய் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற போட்டியில் ஒரு சுற்று இரண்டரை நிமிடம். ரோபோ முழுக்க முழுக்க எழுதிவைத்த நிரலின்படி தானே ஓடும், ரிமோட் கிடையாது. அங்கே போய் "தம்பி என்ன அழகாக ஓட்டுகிறார் பாருங்கள்" என்றால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற போட்டியில் முதல் 30 விநாடி மட்டும் ரோபோ தானே இயங்கும், பிறகு 2 நிமிடம் மாணவர்கள் கையில். வெக்ஸ் வி5 போட்டி என்றால் 15 விநாடி ரோபோ தானே இயங்கும், அப்புறம் 1 நிமிடம் 45 விநாடி ஓட்டுநர்கள். ஆட்டமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். போன வருடம் பேசிய அனுபவம் குரலுக்கு உதவும், விதிக்கு உதவாது. விதிநூல் முழுவதையும் படிக்க முடியவில்லையா, சரி, புள்ளி எப்படிக் கிடைக்கிறது என்ற பகுதியையாவது படித்துவிட்டுப் போங்கள்.

அடுத்தது பெயர்கள். நம் நாட்டில் இது தனிக் கலை. பட்டியல் ஆங்கில எழுத்தில் வரும். மலாய்ப் பெயரில் 'பின்', 'பிந்தி'க்குப் பிறகு வருவது அப்பா பெயர். அதைச் சொல்லி மாணவரைக் கூப்பிட்டால் வீட்டிலிருக்கும் அப்பாவைத்தான் கூப்பிடுகிறீர்கள். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும். கடைசிச் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு கூப்பிட்டால் பாதிப் பெயரைத்தான் சொல்கிறோம். நம் பெயர்களாவது எளிதா என்றால், பதிவு அலுவலகத்தில் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துகள் அவை. ஆங்கிலத்தில் பார்த்தால் என்னவென்றே விளங்காத ஒரு சொல், வாய்விட்டுப் படித்தால் லெட்சுமியாக இருக்கும். நடுவே மகன், மகள் என்பதைக் குறிக்க வரும் ஏ/எல், ஏ/பி இரண்டையும் மைக்கில் வாசிக்கவே வேண்டாம்.

உச்சரிப்பைத் தமிழில் குறித்துவைத்தால் போதும் என்று நினைத்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஆங்கில ஜி-யில் தொடங்கும் 'கோ'வும் கே-யில் தொடங்கும் 'கோ'வும் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். தமிழில் இரண்டும் ஒரே கோ. அன்று காலை முழுக்க ஒரு பையனை வேறு குடும்பத்தில் சேர்த்துவைத்திருந்தேன். இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், அணிகள் ரோபோவைத் தயார் செய்யும் இடத்தில் மேசை மேசையாக நின்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அணிப் பெயரின் பொருளையும் கேளுங்கள். பல பெயர்களில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கும், அதைப் பிடித்துச் சொன்னால் அந்தப் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

இனி, நான் செய்ததிலேயே மோசமான தவறு. சிவப்பு, நீலம் என்று இரண்டிரண்டு அணிகள் கூட்டணி சேர்ந்து ஆடும் போட்டி அது. நேரம் முடிந்தது, நீலப் பக்கம் நிறையச் சேர்த்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். "நீலக் கூட்டணி வெற்றி!" என்று கத்திவிட்டேன். அந்த வகைப் போட்டியில் ஒரு பக்கம் விதி மீறினால் தண்டப் புள்ளி எதிர்ப்பக்கத்துக்குப் போகும். நடுவர்கள் அதைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் சிவப்பு என்று வந்தபோது நீல அணிப் பிள்ளைகள் இன்னும் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிமிடத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. புள்ளி நடுவருடையது. அவர் சொல்லும்வரை "நெருக்கமான ஆட்டம், முடிவுக்காகக் காத்திருக்கிறோம்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூட்டணிப் போட்டியில் 'எதிரி' என்ற சொல்லும் ஆகாது. இந்தச் சுற்றில் எதிரே நிற்பவர் அடுத்த சுற்றில் கூட்டாளியாக வரலாம்.

ரோபோ நடுவழியில் நின்றுவிட்டால் என்ன சொல்வது? புதியவர்கள் "ஐயையோ" என்பார்கள், அல்லது பேட்டரி ஜோக் அடிப்பார்கள். இரண்டும் வேண்டாம். கண்ணில் படுவதைச் சொல்லுங்கள்: ரோபோவை எடுக்கிறார்கள், இணைப்பை மாற்றுகிறார்கள், மறுபடி விடுகிறார்கள். லெகோ லீக்கில் வழக்கமாக மூன்று சுற்று நடக்கும், அதிகப் புள்ளி எடுத்த ஒன்றுதான் கணக்கு. அதை அந்த நேரத்தில் சொல்லுங்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அதைவிட ஆறுதல் வேறில்லை.

சொல்லச் சங்கடமான ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளி அணி மேசைக்கு வந்தால் நம் குரல் தானாக ஏறிவிடுகிறது. வாய் 'நம்ம பிள்ளைகள்' என்று ஆரம்பிக்கும். பக்கத்து மேசையில் சீனப்பள்ளிப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் நிற்கிறார்கள், அவர்களுக்கும் நாம்தான் அறிவிப்பாளர். பாசத்தைச் சாப்பாட்டு நேரத்தில் காட்டிக்கொள்ளலாம். மொழிக்கும் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். மலாயில் தொடங்கி ஆங்கிலத்தில் ஏறித் தமிழில் இறங்கும் வாக்கியம் ஒருவருக்கும் முழுதாகப் புரியாது. விதி, நேரம், மேசை எண் ஆகியவற்றை ஏற்பாட்டாளர் சொன்ன மொழியில் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பிரமுகர்களின் பெயருக்கு முன்னால் வரும் டத்தோ, டான் ஸ்ரீ பட்டங்களை ஏற்பாட்டுக் குழுவிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நினைவை நம்ப வேண்டாம். சுற்று நடக்கும்போது பிரமுகர் உள்ளே வந்தால் பதற வேண்டியதில்லை. இரண்டரை நிமிடம் போகட்டும், வரவேற்பு அதற்குப் பிறகு.

பரிசளிப்பில் இரண்டு கவனம். லெகோ லீக்கில் ரோபோ ஆட்டம் மதிப்பீட்டின் ஒரு பகுதிதான். ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அடிப்படைப் பண்புகள் எல்லாம் சேர்ந்துதான் சாம்பியன் பட்டம். மேசையில் அதிகப் புள்ளி எடுத்தவர்களை மதியமே 'சாம்பியன்கள்' என்று சொல்லிவிட்டு மாலையில் விழுங்க முடியாது. இரண்டாவது, பரிசின் பெயரை முதலில் சொல்லி, அணியின் பெயரைக் கடைசியில் வையுங்கள். அணிப் பெயர் முன்னால் வந்தால் கூச்சலில் என்ன பரிசு என்றே யாருக்கும் கேட்காது.

மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், ஒலிபெருக்கிக்கு நேர் முன்னால் போகாதீர்கள், ஊளையிடும். பேசி முடித்ததும் அணைத்தோமா என்று பாருங்கள். ஒருநாள் மாலை நான் அணைக்காமல் பக்கத்தில் நின்ற நடுவரிடம், "பசி உயிர் போகுது, நாசி கண்டார் கடை மூடியிருப்பானா?" என்று கேட்டது மண்டபம் முழுக்க ஒலித்தது. மேல்வரிசையிலிருந்து ஒரு சின்னக் குரல் பதில் சொன்னது: "இன்னும் தொறந்துதான் இருக்கு அங்கிள்!"