பழைய பேஸ்பால் கார்டு செட்: புதியவர்கள் எங்கே பணத்தை விடுகிறார்கள்?

ரப்பர் பேண்ட் போடாதீர்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரிந்துதான் இந்தப் பக்கம் வருகிறார்கள். நியூ ஜெர்சியில் வாரக் கடைசியில் நடக்கும் கார்டு ஷோக்களில், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படக் கார்டுகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டாப்ஸின் பழைய செட்டுக்குப் புதியவர்கள் பேரம் பேசுவதை அடிக்கடி கேட்கிறேன். ஒரு காலத்தில் நான் போட்ட அதே தப்புக் கணக்கைத்தான் அவர்களும் போடுகிறார்கள்.

சதவீதம் பார்த்து விலை போடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். சமீபத்தில் ஒரு தம்பி 1967 டாப்ஸ் பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து காட்டினார். முழு செட் 609 கார்டு. பெட்டியில் 1 முதல் 533 வரை இருந்தது. "அண்ணா, 87 சதவீதம் முடிஞ்சுது, இன்னும் 76தான் பாக்கி" என்றார். விலை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். முழு செட்டின் விலையில் 87 சதவீதம் கணக்குப் பண்ணி, அதிலும் கொஞ்சம் குறைத்து வாங்கினாராம். அவருக்கு ஏக சந்தோஷம். விற்றவருக்கு அதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் டாப்ஸ் ஒரு வருடத்துக் கார்டுகளை மொத்தமாக வெளியிடாது. வசந்தத்தில் முதல் சீரிஸ் வரும், அப்புறம் ஒவ்வொன்றாக மற்றவை. கடைசி சீரிஸ் கடைக்கு வரும்போது கோடை முடிந்து பள்ளி திறந்திருக்கும். பையன்கள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவியிருப்பார்கள், கடைக்காரர் புதுப் பெட்டி கேட்கமாட்டார். ஷோக்களில் 'ஹை நம்பர்' என்று சொல்லப்படும் கடைசி எண்கள் அரிதானது இப்படித்தான். 1974இல் செட் முழுவதையும் ஒரே தடவையில் வெளியிடத் தொடங்கிய பிறகே இந்தச் சிக்கல் தீர்ந்தது.

1967 செட்டில் டாம் சீவரின் ரூக்கி கார்டு (ஆட்டக்காரரின் அறிமுகக் காலக் கார்டு) எண் 581, ராட் கரூவின் ரூக்கி கார்டு 569, ப்ரூக்ஸ் ராபின்சன் 600. மூன்றும் தம்பியிடம் இல்லாத 76க்குள்தான் வருகின்றன. யாரும் கேள்விப்படாத ஆட்டக்காரராக இருந்தாலும் சரி, அந்த வரிசையில் இருந்தால் முதல் சீரிஸின் காமன் கார்டைவிட (நட்சத்திரம் அல்லாத ஆட்டக்காரரின் சாதாரணக் கார்டு) கூடுதலாகத்தான் கேட்பார்கள்.

இதன் உச்சம் 1952 டாப்ஸ். மொத்தம் 407 கார்டு. கடைசி சீரிஸ் 311இல், மிக்கி மான்டில் கார்டோடு தொடங்குகிறது. விற்காமல் கிடங்கில் தேங்கிய பெட்டிகளை 1960இல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே சொல்லியிருக்கிறார். 1 முதல் 310 வரை வைத்திருப்பவர் எண்ணிக்கையில் முக்கால்வாசியை முடித்துவிட்டார். பணக் கணக்கில் இன்னும் வாசற்படியையே தாண்டவில்லை. 2022இல் ஒரே ஒரு மான்டில் கார்டு 1.26 கோடி டாலருக்குப் போனது. இத்தனைக்கும் அந்த சீரிஸில் அரிதான கார்டு அது அல்ல. 311, 312, 313 மூன்றும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு அச்சானவை.

அதனால், பெட்டியில் இருப்பதை எண்ணாதீர்கள். இல்லாத எண்களை எழுதி வாங்குங்கள். இருக்கிற கார்டுகள் எந்தத் தரமோ அதே தரத்தில், இல்லாத ஒவ்வொன்றும் சமீபத்தில் என்ன விலைக்கு விற்றது என்று பார்த்துக் கூட்டி, முழு செட்டின் விலையிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதற்குத்தான் பேரம். பெரிய பெயர்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள்: 1967இல் மான்டில் எண் 150, வில்லி மேஸ் 200, ஹாங்க் ஆரன் 250, க்ளெமென்டே 400. "செட் முழுக்க அருமையான கண்டிஷன்" என்பார் விற்பவர். நல்ல பிரதிகளை முன்பே உருவிவிட்டு, மூலை மடிந்தவற்றை அங்கே செருகியிருப்பார். செட்டின் எண்களைப் பட்டியலிடும் செக்லிஸ்ட் கார்டுகளையும் புரட்டுங்கள். பேனாவால் டிக் அடித்திருந்தால் விலை இறங்கும்.

ரீபிரின்ட்

1952 செட்டை 1983இல் டாப்ஸே மறு அச்சிட்டது. அசல் 2⅝க்கு 3¾ அங்குலம், மறு அச்சு 2½க்கு 3½. ஸ்கேல் கொண்டுபோங்கள்.

வெட்டிய ஓரம்

நைந்த ஓரத்தை ஒரு இழை வெட்டிவிட்டால் கார்டு புதுசு போலத் தெரியும். கார்டுகளுக்குத் தரம் போடும் நிறுவனமான பிஎஸ்ஏ முதன்முதலில் தரம் போட்டு, பத்துக்கு 8 கொடுத்த ஹோனஸ் வாக்னர் என்ற பழைய ஆட்டக்காரரின் கார்டே அப்படி வெட்டப்பட்டதுதான். வெட்டியதை ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். தரம் போடாத வெறும் கார்டாக வாங்கும்போது, அதே வருடத்து மலிவான கார்டு ஒன்றை அதன்மேல் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே மயிரிழை வித்தியாசம் வரும், அது பரவாயில்லை. ஒரு பக்கம் மட்டும் கத்திபோலக் கூர்மையாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

1980களின் கடைசி செட்டுகள்

முதலீடு என்று வாங்காதீர்கள். மலைமலையாக அச்சடித்தார்கள்.

ஈபேயில் கேட்கும் விலை

கேட்பது யாராலும் முடியும். விற்று முடிந்த பட்டியலை மட்டும் பாருங்கள்.

'முழு செட்' என்று சொன்னால்

எதை முழு என்கிறார் என்று கேளுங்கள். கௌடி என்ற பழைய நிறுவனத்தின் 1933 செட்டில் 240 எண்கள் உண்டு. ஆனால் 106ஆம் எண் அந்த வருடப் பாக்கெட்டுகளில் வரவே இல்லை. பிள்ளைகள் கடிதம் எழுதிக் கேட்ட பிறகு 1934இல் நாப் லாஜொயின் கார்டாக அச்சிட்டு, கேட்டவர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 239 கார்டோடு செட் முடிந்தது என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் பலர். அதில் தப்பில்லை, 240இன் விலையை உங்களிடம் கேட்காதவரை.