1917-ல வேல்ஸ் எப்படி இருந்துச்சு? ஒரே ஒரு வருஷத்தைப் புடிச்சுப் படிக்கிற வழி

வேல்ஸ் வரலாறுன்னு மொத்தமா ஆரம்பிச்சா கோட்டை, இளவரசர், நிலக்கரின்னு எல்லாம் ஒரேயடியா வந்து விழும், ஒண்ணும் மனசுல நிக்காது. அதனால ஒரு வருஷத்தை மட்டும் எடுங்க, அதுலயும் ஒரு நாள்ல இருந்து தொடங்குங்க. என் சாய்ஸ் 1917, செப்டம்பர் 6, வியாழக்கிழமை.

அன்னிக்கு பர்க்கன்ஹெட்ல தேசிய ஐஸ்டெத்வொட், அதாவது வெல்ஷ் மொழிக்காரங்களோட பெரிய கவிதை, பாட்டுப் போட்டித் திருவிழா. பிரதமர் லாயிட் ஜார்ஜும் வந்திருக்காரு, அவருக்கும் வெல்ஷ்தான் வீட்டு மொழி. ஜெயிச்ச கவிஞர் எந்திரிக்கணும்னு புனைபெயரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க, யாருமே எந்திரிக்கல. ஜெயிச்சது வடக்கு வேல்ஸ்ல ட்ராஸ்வினித் கிராமத்துப் பக்கத்து பண்ணைக்காரப் பையன் ஹெத் வின், முதல் உலகப் போர்ல, ஜூலை 31-ம் தேதியே பெல்ஜியத்துல பில்கெம் ரிட்ஜ் சண்டையில செத்துட்டாரு, வயசு 30. ஜெயிச்சவருக்குப் பரிசா செஞ்ச நாற்காலி மேல கறுப்புத் துணியைப் போர்த்திட்டாங்க. அந்த நாற்காலியைச் செதுக்கினவரு யூஜின் வான்ஃப்ளெட்டரன், போருக்குத் தப்பி வந்த பெல்ஜியம் அகதி. கவிஞர் உயிரை விட்டது அந்த அகதியோட நாட்டுலங்கிறதை நினைச்சா எனக்கு இன்னிக்கும் மனசு கனக்குது.

இப்ப இந்த நாள்ல இருந்து கேள்விகளைக் கிளப்புங்க. வெல்ஷ் விழா எதுக்கு இங்கிலாந்துல இருக்கற பர்க்கன்ஹெட்ல? ஏன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் லிவர்பூல், அந்த வட்டாரம் பூரா வேலை தேடி வந்த வெல்ஷ் குடும்பங்கள். பண்ணையில இருந்தவர் ஏன் பட்டாளத்துக்குப் போனாரு? 1916-ல கட்டாய ராணுவச் சட்டம் வந்துடுச்சு. இப்படி ஒவ்வொண்ணா இழுத்தா வருஷமே வெளிய வரும்.

பதில் தேட முதல்ல போக வேண்டிய இடம் அபெரிஸ்ட்வித்ல இருக்கற வேல்ஸ் தேசிய நூலகத்தோட பழைய பேப்பர் தளம். ஃப்ரீதான், 1919 வரைக்குமான பேப்பர்களைப் பக்கம் பக்கமா பார்க்கலாம். தேதியை செப்டம்பர் 1917-னு குறுக்கிக்கிட்டு, ஸ்வான்சீயில வந்த கேம்ப்ரியா டெய்லி லீடர் மாதிரி ஒரு தினசரியையும் ஒரு சின்ன ஊர் வாரப் பேப்பரையும் சேர்த்துப் படிங்க, விழாச் செய்தியை மட்டும் படிச்சுட்டு மூடிடாதீங்க, பக்கத்துல இருக்கற விளம்பரம், உணவு விலை, ராணுவத்துல இருந்து விலக்கு கேட்டு வந்தவங்களோட விசாரணைன்னு எல்லாத்தையும் பாருங்க, ஊர் நிஜமா பேசறது அங்கதான்.

தேடும்போது ஒண்ணு கவனிங்க, வெல்ஷ்ல வார்த்தையோட முதல் எழுத்தே மாறும். பர்க்கன்ஹெட்டுக்கு வெல்ஷ்ல பென்பெடு, ஆனா 'பர்க்கன்ஹெட்ல'ன்னு சொல்லும்போது ம்ஹென்பெடு ஆயிடும், அதனால ரெண்டையும் போட்டுத் தேடுங்க. ஆளுங்களைத் தேட வெல்ஷ் வாழ்க்கை வரலாற்று அகராதி ஆன்லைன்லயே இருக்கு, அங்க ஹெத் வின் இருக்கறது எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ்ங்கிற நிஜப் பேர்ல.

கவிதையோட நிக்காம தெற்குப் பக்கமும் திரும்புங்க. 1916 டிசம்பர்லயே தெற்கு வேல்ஸ் சுரங்கங்களை அரசாங்கம் தன் கட்டுப்பாட்டுல எடுத்துடுச்சு, 1917-ல தொழிலாளர் கொந்தளிப்பைப் பத்தி ஒரு விசாரணைக் குழு போட்டாங்க, வேல்ஸுக்குன்னு தனி அறிக்கையே வந்துச்சு. அதையும் அதே செப்டம்பர் மாசத்துப் பேப்பர்களையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிங்க. நேர்ல போக முடிஞ்சா, அந்தக் கறுப்பு நாற்காலி ட்ராஸ்வினித்ல அவரோட வீடு அர் அஸ்குர்ன்லயே இருக்கு, இப்ப அது மியூசியம்.